மூன்றாம் மாடிச் சம்பந்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். ஒருவர் குறையை ஒருவர் எடுத்துச் சொல்லத் தெம்பு இருக்கிறவரை நலம் என்றுதான் கணக்கு. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், அது வெளியே வராவிட்டால் மீதிக் கடிதமும் வராது. உன் அப்பன் இந்த வயதில், தலையில் மிச்சமிருக்கிற பத்து முடியைப் படிய வாரிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியமானால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் போய்ச் சம்பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறான். நான் சம்பந்தி என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுப்பதற்கு வாய் காலியாக இருக்க வேண்டுமே.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். எப்படிச் சொல்வது, உன் அம்மா போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு விளக்கவுரை ஒன்று பின்னாலேயே வரும். செல்போனில் தட்டி அனுப்பலாம் என்றால், அவள் கண்ணாடி காணாமல் போகும்போதெல்லாம் அதைத் தேட வெளிச்சத்துக்கு என் போனைத்தான் எடுக்கிறாள். அதனால் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தபால் நிலையத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டரில் நூல் கட்டிய பேனா ஒன்று இருக்கிறது, நூல் குட்டை, அதனால் நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் என் கைமேல் பழி போடாதே. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். முப்பத்து நாலு வருஷத்தில் அவளிடமிருந்து நான் வெற்றிகரமாக மறைத்த முதல் விஷயம் இதுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது, சொல்லக் கூடாது.

நாங்கள் இங்கே வந்த கதை உனக்குத் தெரியும். என் நெஞ்சு இழுப்புக்கு நம் ஊர்க் குளிர் ஆகாது, குளிர்காலம் முழுக்க எங்காவது வெயில் பக்கம் போய் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கடற்கரையோரம் இருக்கும் இந்தக் கட்டடம் முழுக்க எங்களைப் போல் சீசனுக்கு வந்து சேர்ந்த ஆட்கள்தான். காலையில் கீழே போய் நின்றால் இருமலிலேயே ஆளைக் கண்டுபிடிக்கலாம். வீட்டுக்காரர் சிக்கனமான மனிதர், எல்லா வீட்டுக்கும் ஒரே கடையில் ஒரே சரக்கை மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரே சோபா, ஒரே பச்சைத் திரைச்சீலை, ஒரே தட்டு, ஒரே மாதிரி மூடி போட்ட கிண்ணம், எந்த மாடியில் பார்த்தாலும் சுவரில் அதே இடத்தில் அதே ஆணி. உன் அம்மா வந்த அன்றே நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து, நம் வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டாள். தன் முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் மாறிப்போகாமல் இருக்க அவள் வைப்பாளே, அதே பொட்டு. என் குடைக்கு ஒன்று, என் கண்ணாடிக் கூட்டுக்கு ஒன்று. நான் தூங்கும்போது எனக்கும் எங்காவது வைத்திருப்பாளோ என்று சந்தேகம், முதுகுப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஆனால் பாப்பா, கடையை விற்றதிலிருந்து அவள் கைகள் சும்மா இருக்கத் தெரியாமல் தவிக்கின்றன. தெருவில் போகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, முடியின் நுனியைத்தான் பார்க்கிறாள். அந்தம்மாவுக்குப் பின்கழுத்துல எவனோ கொத்தி வச்சிருக்கான் பாருங்க என்று என் காதில் கிசுகிசுப்பாள். முன்பெல்லாம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்து தங்கள் ரகசியத்தை அவள் மடியில் கொட்டிவிட்டுப் போவார்கள், மாமியார் கதை, மருமகள் கதை, பக்கத்து வீட்டுக்காரன் இரண்டாவது கதை, எல்லாம் ராத்திரி எனக்கு வந்து சேரும். இப்போது அவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை, எனக்கும் வருமானம் நின்றுவிட்டது. சாயங்காலம் துணி எடுக்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போகிறாள். இருப்பதே நாலு துணி, அதை எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. தனியாக நின்று கடலைப் பார்ப்பாள் போலிருக்கிறது. நான் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை, பார்த்து என்ன சொல்வது. என் நிலைமையும் அதேதான். ஓட்டுநர் பள்ளியில் முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச், கிளட்ச் என்று கத்தி வாழ்ந்தவன், இங்கே கத்துவதற்கு ஒரு ஆள் இல்லை. கால் மட்டும் இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை, எதிரே யாராவது வேகமாக வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் அழுத்துகிறது.

இடையில் உன் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெண்டாட்டியோடு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனான். உனக்கென்று எடுத்த அறையில்தான் படுத்தார்கள். முதல் நாள் கடல் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றான், இரண்டாம் நாள் சத்தம் குறைந்துவிட்டது, அதனால் தூக்கம் கலைந்துவிட்டது என்றான். போகும்போது, நம்ம ஊர்லயே ஒரு நல்ல ஹீட்டர் வாங்கியிருக்கலாமே அத்தான் என்று ஒரு யோசனையையும் இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு உன் அம்மா அந்த அறையின் விரிப்பை எடுத்துத் துவைத்து, புதிதாக ஒன்று விரித்து, கதவைச் சாத்தினாள். பாப்பா வர்றதுக்குள்ள இது ஒரு தடவை காத்தாடணும் என்றாள். அந்த வாரம்தான் நீ கூப்பிட்டாய். லீவு கிடைக்கவில்லை, மேலதிகாரி மாறிவிட்டார், இந்த சீசனில் முடியாது போலிருக்கிறது, அடுத்த சீசன் பார்க்கலாம்ப்பா என்றாய். நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா. நல்லதாகப் போயிற்று, நீ வந்தால் இருக்கிற நல்ல தலையணை உனக்குப் போய்விடும் என்றேன். நீ சிரித்தாய், பின்னாலிருந்து மாப்பிள்ளையும் சிரித்தார். போனை அம்மா பக்கம் தள்ளிவிட்டு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் வீணானதற்கு உன் அம்மா திட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இது. மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறேன், லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறினால் எனக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் எண்ணிக்கை தப்பும். நாலாவது மாடி என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் நின்றேன். நின்று பார்த்தால் நம் வாசலில் செருப்புக் குவியல். பெரியது, சின்னது, குழந்தையுடையது என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. அதில் ஒரு ஜோடி சிவப்புத் துணி ஷூ, நாடா கட்டாமல், குதிகால் பக்கம் மிதித்து மிதித்து நசுங்கியது. நீ அப்படித்தான் போடுவாய், எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், ஷூவைச் செருப்பாக்குகிறாயே என்று. பாப்பா, எனக்கு ஒரு நிமிஷம் வேறு எதுவும் தோன்றவில்லை. வந்துவிட்டாய், சொல்லாமல் வந்துவிட்டாய், லீவு இல்லை என்றதெல்லாம் நாடகம், அம்மாவும் இதில் கூட்டு, எல்லாரையும் கூட்டி வைத்து என்னை முட்டாளாக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். நானா ஏமாறுகிறவன் என்று படியிலேயே நின்று சீப்பை எடுத்துத் தலை வாரினேன். மாத்திரைப் பையைச் சட்டைக்குள் மறைத்தேன், இழுப்பு இருக்கிறது என்று நீ முதல் பார்வையிலேயே கண்டுபிடிக்கக் கூடாதே. முகத்தில் ஆச்சரியமே இல்லாத ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அதே சோபா, அதே பச்சைத் திரைச்சீலை. யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், நம் மாப்பிள்ளை வீட்டார் என்று எடுத்துக்கொண்டேன், கல்யாணத்தில் பார்த்த முகமெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது. பெரிய மீசை வைத்த ஒருவர் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்து, வாங்க சம்பந்தி, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம் என்றார். நானும் சம்பந்திதானே, ஆமாம் ஆமாம் என்றேன். என் கண் உன்னைத் தேடுகிறது. சமையலறையில் இல்லை, பால்கனியில் இல்லை. சரி, அறையில் ஒளிந்திருக்கிறாய் என்று நேராகப் போய் அந்த அறைக் கதவைத் திறந்தேன். ஒரு பெண் குழந்தையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, பாத்ரூம் அடுத்த கதவு மாமா என்று மெல்லச் சொன்னாள். அப்போதுதான் புரிந்தது. சிவப்பு ஷூ அந்தப் பெண்ணுடையது. வீடே நம் வீடு இல்லை.

அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். எந்த மானமுள்ள மனிதனும் அதைத்தான் செய்வான். நானும் பாத்ரூமுக்குள் போய், முகத்தைக் கழுவி, சொல்வதற்கு வாக்கியம் ஒன்றைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். வந்தவனை மீசைக்காரர் தோளில் கை வைத்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார், முன்னால் தட்டு வந்துவிட்டது. நடந்தது என்னவென்றால், மீசைக்காரருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் மாமனார் வீட்டாரும் வந்திருந்தார்கள், மகள் மாமனார் வீட்டாரும் வந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டோடு வந்த உறவுக்காரரில் ஒருவன் என்று மீசைக்காரர் நினைத்தார், நான் அந்தப் பக்கத்து ஆள் என்று இவர்கள் நினைத்தார்கள், இந்தப் பக்கத்து ஆள் என்று அவர்கள் நினைத்தார்கள். நீங்க யாரு என்று கேட்டால் சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாரோ என்று இரண்டு பக்கமும் பயம். அந்தப் பயம்தான் எனக்குச் சாப்பாடு போட்டது. சம்பந்திகள் இருக்கும் சபையில் கொஞ்சம் விறைப்பாக உட்கார்ந்தால் போதும், யார் வேண்டுமானாலும் உயிர் பிழைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடும்போது இன்னொரு குழந்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று விளிம்புக்கு வந்தது. என் கால் சும்மா இருக்குமா, ஓங்கி ஒரு பிரேக். அது போய் மேஜைக்கு அடியில் மீசைக்காரர் பாதத்தில் விழுந்தது, அவர் கையிலிருந்த தம்ளர் துள்ளியது. வேறு வழியில்லாமல் என் தொழிலைச் சொன்னேன். சொன்னால் சும்மா விடுவார்களா, கதை கேட்டார்கள். தேர்வுக்கு வந்த அதிகாரியை இறக்கி விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்ட அந்த வாத்தியாரம்மா கதையைச் சொன்னேன். பாப்பா, அந்த அறை முழுக்கச் சிரித்தது. உனக்கு அந்தக் கதை மனப்பாடம், உன் அம்மா நான் வாயைத் திறக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுவாள். முதல் தடவையாகக் கேட்கிற முகங்களைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று தெரியுமா. எழுந்து வரும்போது, அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துடணும் சம்பந்தி என்றார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் வருகிறேன் என்றேன்.

மாடி ஏறி நம் வீட்டுக்கு வந்தேன், நம் வாசலில் இரண்டே ஜோடிச் செருப்பு, ஒன்று அம்மாவுடையது, ஒன்று வெளியே போடும் என் பழையது. எங்கே இவ்வளவு நேரம் என்றாள். கடற்கரையில் நடந்தேன் என்றேன். சாப்பிட்டீங்களா என்றாள், பசியில்லை என்றேன். அவர்கள் சமையலில் உப்பு தூக்கல், எனக்கு இருக்கிற பிரஷருக்கு அது விஷம், ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தேன். காலையில் பாதம் வீங்கியிருந்தது. உன் அம்மா பாதத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பாதத்துக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் அம்மாவே, எனக்கு முட்டி வலிக்குது, நான் படுக்கணும், நீங்க காலாற நடந்துட்டு வாங்க, நேரம் ஆனாலும் பரவாயில்ல என்றாள். சலவைச் சட்டையையும் எடுத்து வைத்திருந்தாள். நடக்கப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்றால், கடற்கரையில நாலு பேர் பார்ப்பாங்க என்கிறாள். கால் நேராக மூன்றாம் மாடிக்குப் போய் நின்றது. இந்தத் தடவை ஒரு ஆச்சரியம். என் இடத்தில் தட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணம். மீசைக்காரர் வீட்டம்மா, இது உங்களுக்கு என்று நகர்த்தி வைத்தார். திறந்தால், கிழங்கும் பட்டாணியும் பக்குவமாக வதக்கி, துளி உப்பு இல்லாமல். அந்த வீட்டிலும் யாருக்கோ பிரஷர் இருக்கிறது போலிருக்கிறது, அவருக்கு வைத்ததில் எனக்கும் பங்கு, கடவுள் இருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிண்ணம் எனக்கு வருகிறது. இன்னொன்று சொல்கிறேன், இதை மட்டும் உயிர் போனாலும் அம்மாவிடம் சொல்லிவிடாதே. உப்பில்லாத சாப்பாட்டை உன் அம்மாவும்தான் வருஷக்கணக்காகச் செய்து போடுகிறாள், நானும் வாயைத் திறக்காமல் விழுங்குகிறேன். ஆனால் இந்தக் கைப்பக்குவம் வேறு. எலுமிச்சை பிழிந்திருக்கிறார்களா, என்ன செய்கிறார்களோ, உப்பு இல்லை என்பதே தெரியவில்லை. உன் அம்மா இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள இன்னொரு ஜென்மம் எடுக்க வேண்டும். அந்த வீட்டம்மா முடியைக்கூட அழகாக வெட்டிக்கொண்டிருந்தார், போன வாரம் பார்த்த தலையா இது என்று இருந்தது. இந்த ஊரிலும் நல்ல கை இருக்கிறது போல. யார் வெட்டினார்கள் என்று கேட்டு உன் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பாளே, விழுங்கிவிட்டேன்.

சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர, மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டேதான் இருந்தது. நான் கீழே பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து கதை அளக்கிறேன், மேலே அவள் தனியாகப் படுத்திருக்கிறாள். நீ கூப்பிடுவதும் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். நான் இல்லாத நேரம் பார்த்து நீ கூப்பிடவில்லை, நீ கூப்பிடும் நேரம் பார்த்து நான் இறங்கிவிடுகிறேன். உன் மேல் கோபம் என்று நினைக்காதே. அன்றைக்கு ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்துவிட்டேன், இன்னொன்று கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒரு முடிவு வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மீசைக்காரரின் மாப்பிள்ளை, எல்லாரும் நில்லுங்க, போட்டோ எடுத்துடலாம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஆள் அளவுகோல் வைத்து வாழ்கிறவர். பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தப் பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினார். ஆட்கள் நகர நகர நடுவில் நான் ஒருவன் மட்டும் நிற்கிறேன். சம்பந்தி, நீங்க எந்தப் பக்கம் என்றார். சாப்பிடுவது வேறு விஷயம் பாப்பா, ஜீரணமாகிவிடும். போட்டோ அப்படி இல்லை. யாரோ ஒரு பிள்ளை பெரியவனாகி அதைப் பார்த்து இது யாரு தாத்தா என்று கேட்கும். நான் வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். நான் எந்தப் பக்கமும் இல்லீங்க, மேல் மாடி, முதல் நாள் மாடி மாறி வந்துட்டேன், என் பொண்ணு வந்துட்டான்னு நினைச்சு உள்ள வந்துட்டேன் என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீசைக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து என் சட்டைக் காலரைச் சரி செய்து, அது எங்களுக்கு எப்பவோ தெரியும், நீங்க எங்க பக்கம் நில்லுங்க, முகத்த கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனசுக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. போட்டோவில் நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று சொல்ல முடியாது, வெளிச்சம் சரியில்லை.

அந்த வேகத்திலேயே அம்மாவிடமும் சொல்லிவிடுவது என்று மாடி ஏறினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஹாலில் இல்லை, படுக்கையில் இல்லை. உனக்கென்று எடுத்த அறையில், அந்தப் புது விரிப்பின் ஓரத்தில், கசங்கிவிடக் கூடாது என்பதுபோல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில். சமையல் மேடையில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பாப்பா கூப்பிட்டா, நீங்க நடக்கப் போயிருக்கீங்கன்னு சொன்னேன் என்றாள். என்ன சொல்றா என்றேன். பாக்கலாம்னு சொல்றா என்றாள். விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே, இந்த ரூம் நமக்கு எதுக்குங்க, அடுத்த சீசனுக்கு ஒரு ரூம் வச்ச சின்ன வீடே எடுத்துக்குவோம், கூட்டிப் பெருக்கவும் சுலபம் என்றாள். அப்ப உன் தம்பி வந்தா எங்க படுப்பான், அதுக்காகவே சின்ன வீடு எடுக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கீழே ஒரு குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. நடந்து நடந்து கால் வலிக்குதா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்றேன். எண்ணெய் கொண்டு வந்து தேய்த்துவிட்டாள். ஒரு அடிகூட நடக்காத காலைப் போய்த் தேய்த்தாள் பாப்பா.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்கிறார், அடுத்த சீசனுக்கு இதே வீடா, சின்ன வீடா என்று. நீ வருவதாக இருந்தால் வருகிறேன் என்று சொல். வர முடியாது என்றால் முடியாது என்று சொல், எங்களுக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் என்ன கண்ணாடிப் பாத்திரமா. ஆனால் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதே. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாங்கள் தனியாக ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, விரிப்பு மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்தித் திறந்துகொண்டு இருக்கிறோம். வேலை என்றால் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா. நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில்கூட நான் வண்டியில்தான் இருந்தேன், ஊரான் பிள்ளைகளுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. முடியாது என்று நீ சொன்னால் சின்ன வீட்டைப் பிடித்துவிடுகிறேன். அதற்கும் பழகிக்கொள்வோம். இந்தக் கடல் சத்தத்துக்கே பழகிவிட்டோம், உன் அம்மா ஓட்டப்பந்தயக்காரி மாதிரி வெள்ளை ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போகிறாள், நான் பேன்டை முட்டி வரை சுருட்டிவிட்டுக்கொண்டு காலையில் அலையில் நிற்கிறேன், பார்க்கிறவர்கள் கொக்கு என்று நினைத்தாலும் கவலையில்லை. பிறகு ஒருநாள் நீ திடீரென்று வந்து நின்றால், நீயும் அம்மாவும் உள்ளே, நானும் மாப்பிள்ளையும் ஹாலில், ஒருவர் குறட்டையை ஒருவர் பொறுத்துக்கொள்வோம். என் பக்கத்தில் பிரேக் கிடையாது, ஓட்டுவது நீதான், எப்போது திருப்பவேண்டுமோ அப்போது திருப்பு. சிக்னல் மட்டும் முன்கூட்டியே போட்டுவிடு.

அம்மாவைப் பற்றித்தான் கவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கீழே போகப் போவதில்லை, வீட்டிலேயே இருந்து உன் போனை நானே எடுக்கிறேன். எப்படியாவது அவளையும் ஒருநாள் கீழே அழைத்துப் போக வேண்டும், அவர்களுக்கு அவளை அறிமுகம் செய்து வைக்க வேண்டும், என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. உனக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுது. தபால் நிலைய முகவரிக்கே எழுது, நான் வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இருவரும் தீர்க்காயுசாக, பல்லும் முடியும் கொட்டாமல், சண்டை போட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசி, உனக்கு அதற்கு மேல் ஒரு முத்தம். வண்டி டயரில் பொத்தானளவு தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடு, பனியில் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்காதே, விட்டு விட்டு மிதி. இதை உன் பதினெட்டு வயதிலிருந்து உனக்குச் சொல்கிறேன், இன்னொரு தடவை சொன்னால் குறைந்துவிடாது. ஷூவைக் குதிகாலில் மிதிக்காதே என்று இனிமேல் சொல்ல மாட்டேன், உன் இஷ்டம்போல் போடு.

இப்படிக்கு,
உன்னைச் சிரிக்க வைக்கவே பிறந்த
அப்பா

பி.கு. தபால் நிலையத்தில் பசை தீர்ந்துவிட்டது என்று உறையை ஒட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் மீசைக்காரரின் மருமகள், அந்தச் சிவப்பு ஷூக்காரி. போன ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுத்துவிட மறந்துட்டோம், அத்தைகிட்ட குடுத்துருங்க மாமா என்று என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, கையில் சீப்பும் துண்டுமாக மொட்டை மாடிக்கு ஏறிப் போனாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வருமே, அதே மூடி போட்ட கிண்ணம். திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பொட்டு.